நீரைத் தொடாத அளவுகோல்

மொட்டைமாடித் தொட்டியின் மூடியில் பொருத்தப்படும் மீயொலி உணரி தண்ணீரை அளப்பதில்லை. தண்ணீருக்கு மேலே எஞ்சியிருக்கும் காற்றை அளக்கிறது. மூடியிலிருந்து புறப்படும் ஒலித்துடிப்பு நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது ஒன்றே அதற்குத் தெரியும். அந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் காற்றிடைவெளி கிடைக்கிறது. அதைத் தொட்டியின் ஆழத்திலிருந்து கழித்தால் நீர்மட்டமும், மட்டத்தைத் தொட்டியின் குறுக்குப்பரப்பால் பெருக்கினால் லிட்டர்க் கணக்கும் கிடைக்கின்றன. கைப்பேசித் திரையில் 640 லிட்டர் என்று தோன்றும் ஓர் எண்ணுக்குப் பின்னால் இப்படி மூன்று கணக்குகள் நிற்கின்றன. அவற்றுக்குத் தேவையான ஒலிவேகம், ஆழம், பரப்பு ஆகிய மூன்றில் எதையும் உணரி தானாக அறிவதில்லை. பொருத்துபவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'சென்சார் சரியில்லை' என்று கடைக்குத் திரும்பும் கருவிகள் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பங்கு, இந்த மூன்றையும் சொல்லிக்கொடுக்காமல் விட்டதன் மீதே சேர வேண்டும்.

தொட்டியின் மட்டத்தை வெளியிலிருந்து அறியும் ஆசை புதிதன்று. ஊராட்சிகளின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளில் மிதவையைக் கயிற்றில் கட்டி, கப்பி வழியே வெளிச்சுவருக்குக் கொண்டுவந்து, எண்கள் எழுதிய பலகையின் மேல் ஒரு குறிமுள்ளை ஏறியிறங்கச் செய்யும் ஏற்பாட்டைக் காணலாம். தொட்டி நிறைய நிறையக் குறிமுள் கீழே இறங்கும் என்பதால் பலகையின் எண்கள் தலைகீழ் வரிசையில் எழுதப்பட்டிருக்கும். (மீயொலி உணரியின் கணக்கும் இதே தலைகீழ்க் கணக்குதான்: மட்டம் ஏற ஏற அது காட்டும் தூரம் குறைகிறது.) மிதவை நல்ல கருவிதான், ஆனால் கயிறு சிக்குகிறது, கப்பி துருப்பிடிக்கிறது, ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் மிதவையின் கீல் படிவேறி இறுகிவிடுகிறது. நீருக்குள் இறக்கப்படும் உலோகக் கம்பிகளின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி மட்டம் அறியும் மலிவான முறையிலோ, மின்பகுப்பால் கம்பிகள் அரிக்கப்பட்டும் படிவு மூடியும் நாளடைவில் நீர் இருக்கும்போதே இல்லை என்கின்றன. பால், அமிலம், சாயக்கழிவு போன்ற திரவங்களில் எதையும் முக்கிவைப்பதே சிக்கலாகிவிடும். தொடா உணரிகளின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் மேல்வரம்பு நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள், அதாவது 20 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேற்பட்டது மீயொலி எனப்படும். தொட்டிகளுக்கான எளிய உணரிகள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸில் இயங்குகின்றன. காற்றில் அதன் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மி.மீ. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களின் இயல்பை ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர்; மின்னழுத்தம் கொடுத்தால் அவை அதிரும் என்பது அடுத்த ஆண்டு உறுதியாயிற்று. இவ்வுணரிகளின் கண் போன்ற வட்டத்துக்குள் இருப்பது அந்த அழுத்தமின் விளைவைப் பயன்படுத்தும் ஒரு சிறு தகடே. மீயொலியால் தூரம் அளக்கும் கருவி வீட்டுப் பொருளாக மாறியதில் 1978-இல் வெளிவந்த போலராய்டு தானியங்கிக் குவிய ஒளிப்படக் கருவிக்கு முக்கிய இடமுண்டு. அதன் மீயொலி உறுப்பைத் தனியே எடுத்து ஒரு தலைமுறை ரோபோ ஆய்வாளர்கள் பயன்படுத்தினர். இன்று மாணவர்களின் கையில் தவழும் எச்சி-எஸ்ஆர்04 என்னும் சிறு பலகையும் அதே வழியில் வந்தது. 10 மைக்ரோநொடித் தூண்டலைப் பெற்றதும் அது எட்டு அதிர்வுகள் கொண்ட துடிப்பொன்றை அனுப்பி, எதிரொலி வரும்வரை ஒரு கம்பியை உயர் மின்னழுத்தத்தில் வைத்திருக்கிறது. அந்த நேரத்தை மைக்ரோநொடிகளில் எடுத்து 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும் என்று அதன் குறிப்பேடு கூறுகிறது. இந்த 58 என்னும் எண்ணைப் பலர் அப்படியே எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். சிக்கலின் விதை அதற்குள்தான் இருக்கிறது. சற்றுப் பின்னர் அதற்கு வருவோம்.

முதலில் உணரியின் தேர்வு. எச்சி-எஸ்ஆர்04-இல் ஒலியை அனுப்ப ஒரு கண்ணும் கேட்க மற்றொரு கண்ணும் தனித்தனியே இருப்பதால், 2 செ.மீ. அளவுக்கு நெருக்கமான பொருளையும் அது உணரும். ஆனால் இரு கண்களும் வலைமூடியோடு திறந்திருப்பவை என்பதால் தொட்டிக்குள் எப்போதும் நிற்கும் ஈரக்காற்றில் நெடுநாள் தாங்குவதில்லை. அதற்கு மாற்றாக விற்கப்படும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி போன்ற நீர்புகா வகைகளில் மூடப்பட்ட ஒற்றைக் கண்ணே அனுப்பவும் கேட்கவும் செய்கிறது. மணியை அடித்தபின் அதன் நாதம் சிறிது நேரம் நீடிப்பதைப் போல, துடிப்பை அனுப்பிய தகடும் உடனே அடங்குவதில்லை. அடங்கும்வரை அது கேட்கும் நிலையில் இராது. அந்த இடைவேளைக்குள் திரும்பிவிடும் அண்மை எதிரொலிகளை உணரி தவறவிடுகிறது. இவ்வாறு உணரியின் முகத்தை ஒட்டி, அளக்க இயலாமல் போகும் தூரமே குருட்டு மண்டலம். நீர்புகா ஒற்றைக்கண் வகைகளில் அது 20 முதல் 25 செ.மீ. வரை இருக்கும்.

குருட்டு மண்டலத்தைப் பற்றிய எச்சரிக்கையை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் மிகையாகாது. நீர் அந்த மண்டலத்துக்குள் ஏறிவிட்டால் உணரி வெறுமனே வாயடைத்துப் போகும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் நடப்பது அதைவிட மோசமானது. நீர்ப்பரப்பிலிருந்து எழும் முதல் எதிரொலியை உணரி தவறவிட, அதே ஒலி மூடியில் மோதி மறுபடி நீருக்குச் சென்று இரண்டாம் முறை திரும்பும்போது அதைப் பிடித்துக்கொள்கிறது. விளைவாக 15 செ.மீ. இடைவெளி 30 செ.மீ. என்று பதிவாகிறது. தொட்டி வழியப்போகும் அந்த நேரத்தில் கருவி 'இன்னும் இடமிருக்கிறது' என்று சொல்லி மோட்டாரைத் தொடர்ந்து ஓடவிடுகிறது. ஆகவே வழிந்தோடு குழாயின் வாயை, அதாவது நீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்தை, முதலில் அளந்து, அதற்கு மேல் குருட்டு மண்டலத்தின் அளவோடு சில சென்டிமீட்டரும் சேர்த்து உணரியின் முகம் இருக்குமாறு அமைக்க வேண்டும். மூடிக்கும் வழிந்தோடு குழாய்க்கும் இடையே அவ்வளவு உயரம் இல்லாத தொட்டிகளே சந்தையில் மிகுதி. அங்கே மூடியின் மேல் ஒரு பிவிசி குழாய்த் துண்டை நிறுத்தி உணரியை உயர்த்துவதுதான் வழி. அந்தத் துண்டு அகலமானதாகவும், உட்புறம் வழவழப்பானதாகவும், வெட்டிய விளிம்பில் பிசிறில்லாமலும் இருக்க வேண்டும். இல்லையேல் குழாயின் கீழ்விளிம்பே ஓர் எதிரொலியை அனுப்பி, தொட்டி எப்போதும் நிறைந்திருப்பதாகக் காட்டிவிடும்.

அடுத்தது இடம். உணரியிலிருந்து கிளம்பும் ஒலி நூல் பிடித்தாற்போல் செல்வதன்று. கூம்பாக விரிந்து செல்வது. கூம்பின் கோணம் 15 பாகை என்று கொண்டால் ஒரு மீட்டர் ஆழத்தில் அதன் விட்டம் ஏறத்தாழ 26 செ.மீ. ஆகிவிடும், மலிவான நீர்புகா வகைகளில் கூம்பு இதைவிட விரிந்தது. இந்தக் கூம்புக்குள் தொட்டிச் சுவரின் வளையங்கள், உள்ளே இறங்கும் குழாய், மிதவை வால்வின் கை என எது குறுக்கிட்டாலும் அதன் எதிரொலி நீரின் எதிரொலியை முந்திக்கொள்ளும். சுவரை விட்டுத் தள்ளிவைக்க வேண்டும் என்பது இதனால்தான். அப்படியானால் நடுவில் வைத்துவிடலாமே என்றால், குவிந்த மூடியுள்ள தொட்டிகளில் நடுப்புள்ளியில் எதிரொலிகள் கவிகைமாடத்தில் குவிவது போலக் குவிந்து பன்மடங்காகத் திரும்பும். தொழிற்சாலைத் தொட்டிகளுக்கான கையேடுகள் மையத்தைத் தவிர்க்கச் சொல்வதும் இதனாலேயே. மையத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட, நீர் விழும் வாய்க்கு எதிர்ப்பக்கமான இடமே பொதுவாக நல்லது. மையத்தை விட்டு விலகுவதற்கு ஒரு விலையும் உண்டு: தொட்டி நிற்கும் மேடை ஒருபக்கம் சரிந்திருந்தால், அச்சில் அளந்த மட்டம் கன அளவைச் சரியாகவே தரும், விலகி அளந்த மட்டமோ சரிவின் திசைக்கேற்பக் கூடியோ குறைந்தோ காட்டும். எனவே உணரியைப் பொருத்துவதற்கு முன் மேடையின் மீது ரசமட்டம் வைத்துப் பார்ப்பது, செலவில்லாத, ஆனால் பெரும்பாலும் செய்யப்படாத வேலை.

ரசமட்டத்தின் இன்னொரு பயன் உணரிக்கே உரியது. அசையாத நீர்ப்பரப்பு ஒலிக்குக் கண்ணாடி போன்றது. படும் கோணத்துக்குச் சமமான கோணத்தில் எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். உணரி செங்குத்திலிருந்து 3 பாகை சாய்ந்திருந்தால், ஒரு மீட்டர் கீழேயுள்ள பரப்பில் பட்டுத் திரும்பும் கற்றையின் நடுப்பகுதி, உணரியின் உயரத்துக்கு வந்துசேரும்போது ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளிப் போயிருக்கும். கூம்பின் ஓரத்திலிருந்து வரும் பலவீனமான எதிரொலியை வைத்து உணரி சமாளித்துக்கொண்டாலும், தொட்டி காலியாகக் காலியாக அதுவும் தேய்ந்து, அடிமட்டத்தில் அளவுகள் துள்ளத் தொடங்கும். பிளாஸ்டிக் தொட்டியின் மூடி சமதளமன்று என்பதால், மூடியில் துளையிட்டு உணரியை அப்படியே திருகுவதைவிட, ஒரு சிறு தகட்டின் மேல் பொருத்தி மூன்று திருகுகளால் மட்டம் சரிசெய்யும்படி அமைப்பது நல்லது. கொத்தனாரின் தூக்குக்குண்டை உணரியின் நடுவிலிருந்து தொங்கவிட்டால், அது நீரைத் தொடும் இடத்தைச் சுற்றிக் கூம்பின் அளவுக்கு வேறெதுவும் இல்லை என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். கண்ணிலிருந்து பலகைக்கு வரும் கம்பியை ஒட்டுப்போட்டு நீட்டக் கூடாது என்பதும் நினைவிற்குரியது. அதில் ஓடுவது மிக நுண்ணிய எதிரொலிச் சைகை. பலகையைத் தொட்டிக்கு அருகிலேயே மழை படாத பெட்டியில் வைத்து, அங்கிருந்து வீட்டுக்குள் வரும் கம்பியைத்தான் நீட்ட வேண்டும்.

இனி அந்த 58. ஒரு சென்டிமீட்டர் தூரம் போய்த்திரும்ப ஒலிக்கு 58 மைக்ரோநொடி ஆகும் என்பது, ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும் என்னும் அனுமானத்தின் மறுவடிவம். அந்த வேகம் 20 டிகிரி செல்சியஸ் காற்றுக்கு உரியது. ஒலிவேகத்தைக் கோட்பாட்டால் கணிக்க முயன்ற நியூட்டன், அழுத்தப்படும்போது காற்றின் வெப்பநிலை மாறாது என்று கொண்டதால் உண்மையைவிடக் குறைந்த விடையையே பெற்றார் என்பதையும், ஒலி செல்லும் வேகத்தில் வெப்பம் வெளியேற நேரமிராது என்பதைச் சேர்த்து லாப்லாஸ் 1816-இல் அதைத் திருத்தினார் என்பதையும் மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் படித்தவர் பலர். திருத்தப்பட்ட சூத்திரம் சொல்வது இதுதான்: வேகம் தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சுழிய டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர். 25 டிகிரியில் 346. 45 டிகிரியில் 357-ஐத் தாண்டும். அன்றாட வெப்பநிலைகளில் டிகிரிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும் என்று கொண்டால் போதும்.

சென்னையின் மே மாதத்து மொட்டைமாடியில் இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உட்புற விட்டம் 110 செ.மீ. உள்ள நேர்நிலை உருளைத் தொட்டியின் குறுக்குப்பரப்பு 0.95 சதுரமீட்டர், எனவே ஒரு சென்டிமீட்டர் மட்டம் என்பது 9.5 லிட்டர். மூடியிலிருந்து நீர்ப்பரப்பு சரியாக 100 செ.மீ. கீழே இருக்கிறது என்று கொள்வோம். விடியற்காலையில் உள்ளிருக்கும் காற்று 25 டிகிரியாக இருந்தால், 58-ஐ நம்பும் உணரி 99 செ.மீ. என்று காட்டும். நண்பகலில் அதே காற்று 45 டிகிரிக்கு ஏறிவிட்டால், ஒலி விரைந்து திரும்புவதால் 96 செ.மீ. என்று காட்டும். யாரும் மோட்டார் போடாமலே, ஒரு சொட்டு நீரும் சேராமலே, தொட்டியில் ஏறத்தாழ 30 லிட்டர் கூடிவிட்டதாகத் திரையில் தெரியும். இரவில் அந்த நீர் 'கசிந்து' மறையும். இல்லாத கசிவைத் தேடிப் பிளம்பரை அழைப்பதற்கு இதுவே போதுமான காரணம். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு: பிழை காற்றிடைவெளிக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. தொட்டி நிறைந்திருக்கையில் பிழை ஏறத்தாழ இல்லை. நீர் தீர்ந்துபோகும் நிலையில், அதாவது உண்மையான அளவு மிகவும் தேவைப்படும் நேரத்தில், பிழை உச்சத்தில் இருக்கிறது. அதுவும் இருப்பதைவிட மிகுதியாகக் காட்டும் திசையில்.

வெப்பநிலைத் திருத்தம் ஆகவே ஆடம்பரமன்று. டிஎஸ்18பி20 போன்ற சிறு வெப்பமானி அரை டிகிரித் துல்லியம் தரும். ஆனால் அதை மூடியில் ஒட்டிவிட்டால் வெயிலில் காயும் பிளாஸ்டிக்கின் சூட்டையே அது அளக்கும். மூடியருகே வெம்மையும் நீர்ப்பரப்பின் அருகே குளிர்ச்சியுமாகக் காற்று அடுக்கடுக்காக நிற்பதால், வெப்பமானியைக் காற்றிடைவெளியின் நடுப்பகுதியில், கூம்புக்கு வெளியே தொங்கவிட வேண்டும். ஈரப்பதத்துக்கும் சிறு பங்குண்டு. நீராவி காற்றைவிட இலேசானது என்பதால் ஈரக்காற்றில் ஒலி சற்று விரையும். 20 டிகிரியில் அந்த வேறுபாடு அரை சதவீதத்துக்கும் குறைவு, 40 டிகிரியில் முழு ஈரத்தோடு நிற்கும் காற்றில் ஒரு சதவீதத்தைத் தாண்டும். மூடிய தொட்டிக்குள் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தே இருக்கும் என்பதால் இதைத் தனியே அளக்காமல் ஒரே சீரான திருத்தமாகச் சேர்த்துவிடலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்க்கும் வழியொன்று தொழிற்சாலைக் கருவிகளில் உண்டு. வீட்டுத் தொட்டிகளுக்கு அது போதிய அளவில் வராதது வருந்தத்தக்கது. உணரிக்குக் கீழே, உச்ச நீர்மட்டத்துக்கு மேலே, துல்லியமாக அளந்த ஒரு தூரத்தில் மெல்லிய கம்பி அல்லது சிறு தகடு ஒன்றைக் கூம்பின் ஓரத்தில் நிலையாக நிறுத்துகிறார்கள். அதன் எதிரொலிக்கு ஆகும் நேரமும் நீரின் எதிரொலிக்கு ஆகும் நேரமும் ஒரே காற்றில், ஒரே கணத்தில் அளக்கப்படுவதால், இரண்டின் விகிதத்தைத் தெரிந்த தூரத்தால் பெருக்கினால் நீரின் தூரம் கிடைத்துவிடுகிறது. வெப்பமானியும் வேண்டாம், ஈரப்பதக் கணக்கும் வேண்டாம், ஒலிவேகம் என்னும் எண்ணே கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட எதிரொலிகளைப் பிரித்துத் தரும் கருவிக்கே இது பொருந்தும்; முதல் எதிரொலியோடு நின்றுவிடும் மலிவான பலகைகளுக்குப் பொருந்தாது.

அளவுத்திருத்தம் என்பது, கருவி காட்டுவதை வேறொரு நம்பத்தக்க அளவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை அறிந்து நீக்குவது. தொட்டியில் அந்த நம்பத்தக்க அளவு, அடி தொடும் நேரான குச்சியும் அளவுநாடாவும்தான். பெட்ரோல் நிலையங்களில் நிலத்தடித் தொட்டிக்குள் டிப் ராடை இறக்கி ஈரம் படிந்த உயரத்தைப் பார்ப்பவர்கள் செய்வதும் இதுவே. முதற்புள்ளியாகக் காலித் தொட்டியின் தூரத்தை எடுக்க வேண்டும். அதை உணரியைக் கொண்டே எடுப்பது பரவலான வழக்கமாயினும் தவறான வழக்கம். பிளாஸ்டிக் தொட்டியின் அடி மேடுபள்ளமானது என்பதால் அங்கிருந்து வரும் எதிரொலி நீர்ப்பரப்பின் எதிரொலியைப் போல் தெளிவாக இராது. மேலும், வெளியேறும் குழாய் அடியிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் அதற்குக் கீழுள்ள நீர் எப்போதும் தொட்டியிலேயே நிற்கும். வீட்டாருக்குப் பயன்படாத அந்த நீரைச் சுழியத்துக்குக் கீழே தள்ளி, வெளியேறும் குழாயின் கீழ்விளிம்பையே சுழியமாகக் கொள்வது நேர்மையான கணக்கு. இரண்டாம் புள்ளி, வழிந்தோடு குழாயின் வாய்.

இரு புள்ளிகளோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். இடையில் இன்னும் நான்கைந்து மட்டங்களில் குச்சியின் அளவையும் உணரியின் அளவையும் குறித்து, ஒரு கட்டத்தாளில் புள்ளிகளாக இட்டுப் பார்த்தால் கருவி தன் நோயைத் தானே சொல்லிவிடும். வேறுபாடு எல்லா மட்டங்களிலும் ஒரே அளவாக இருந்தால், காலித் தூரம் தவறாகப் பதியப்பட்டிருக்கிறது. தொட்டி காலியாகக் காலியாக வேறுபாடு சீராக வளர்ந்தால், ஒலிவேகம் தவறு. வெப்பநிலைத் திருத்தத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு மட்டத்துக்குக் கீழே மட்டும் உணரியின் அளவு மாறாமல் நின்றுவிட்டால், அந்த உயரத்தில் சுவரின் வளையமோ குழாயோ குறுக்கே நிற்கிறது. அங்கே எண்ணைத் திருத்திப் பயனில்லை, இடத்தைத்தான் மாற்ற வேண்டும். உச்சமட்டத்தில் மட்டும் தூரம் இரட்டிப்பானால் குருட்டு மண்டலம். மென்பொருளில் எங்கோ ஓர் எண்ணைக் கூட்டியும் கழித்தும் 'ஒருவழியாக' ஒத்துப்போகச் செய்யும் பழக்கம், இந்த நான்கு நோய்களையும் ஒன்றாகக் குழப்பி மூடிவைப்பதன்றி வேறில்லை.

மட்டத்திலிருந்து லிட்டருக்குப் போகும் கணக்கையும் ஒருமுறை நீரால் சோதிப்பது நல்லது. வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் கேன் இதற்கு வசதியான பாத்திரம்; ஆனால் அதன் கழுத்துவரை நிரப்பினால் சரியாக 20 லிட்டர் என்று நம்பாமல், காலியாகவும் நிறைத்தும் எடைபோட்டுக்கொள்ள வேண்டும் (அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோவுக்குச் சில கிராமே குறைவு). மேற்சொன்ன 110 செ.மீ. தொட்டியில் ஒரு கேன் மட்டத்தை 2.1 செ.மீ. உயர்த்தும், ஐந்து கேன் ஊற்றினால் 10.5 செ.மீ. அதே சோதனையைத் தொட்டியின் அடிப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் செய்தால், சுவர் மேல்நோக்கி ஒடுங்குகிறதா, நீரின் அழுத்தத்தால் புடைக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கிடைநிலை உருளைத் தொட்டிகளில் இந்தக் கணக்கு வேறு. பால் குளிர்விப்பு நிலையங்களிலும் டீசல் ஜெனரேட்டர்களின் அருகிலும் காணப்படும் அத்தொட்டிகளில் உயரத்தின் 10 சதவீதம் வரை திரவம் இருந்தால் கொள்ளளவில் 5 சதவீதமே இருக்கும். 25 சதவீத உயரத்தில் 19.6 சதவீதம், பாதி உயரத்தில்தான் இரண்டும் சமமாகின்றன. எனவே மட்டத்துக்கு நேரே கனஅளவை எழுதிய அட்டவணையொன்று ஒவ்வொரு தொட்டிக்கும் தேவை. பாலில் நுரையும் சேர்ந்துகொள்கிறது: நுரை மீயொலியை விழுங்கிவிடும், விழுங்காத இடத்தில் நுரையின் மேற்பரப்பையே பாலின் பரப்பாகக் காட்டும். மோட்டார் ஓடும்போது விழும் நீரின் சலசலப்பும் ஓரளவு இதே தொல்லையைத் தருகிறது. அப்போது ஒற்றை அளவை நம்பாமல், முந்தைய துடிப்பின் எதிரொலிகள் அடங்குவதற்காக ஒவ்வொன்றுக்கும் இடையே 60 மில்லிநொடிக்குக் குறையாத இடைவெளி விட்டு, ஒற்றைப்படை எண்ணிக்கையில் அளவுகளை எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் இடைநிலை அளவைக் கொள்ள வேண்டும். சராசரி இங்கே உதவாது. தவறிப்போன ஒரே ஓர் எதிரொலி சராசரியை இழுத்துவிடும், இடைநிலை அளவை அசைக்காது.

தொட்டியைத் திறக்கவே வேண்டாம் என்பவர்க்கு வெளிச்சுவரில் ஒட்டும் மின்தேக்கு உணரி உண்டு. இரு கடத்திகளுக்கு இடையே மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், அவற்றுக்கு இடைப்பட்ட பொருளின் ஒப்புமை விடுதிறனைப் பொறுத்தது. காற்றுக்கு அது 1, பாலிஎத்திலீனுக்கு 2.3 அளவு, நீருக்கோ 80-ஐ ஒட்டியது. சுவருக்கு அப்பால் காற்றிருந்த இடத்தில் நீர் வந்துவிட்டால் உணரி அந்தப் பெரிய மாற்றத்தைப் பிளாஸ்டிக்கின் வழியே கண்டுகொள்கிறது. அது ஒரு புள்ளியில் நீர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். உலோகத் தொட்டியில் பயன்படாது. காற்றுக்குமிழ்கள் நிறைந்த காப்படுக்கு கொண்ட பல அடுக்குத் தொட்டிகளில் சுவரின் தடிப்பே அதைத் தோற்கடித்துவிடலாம். இதற்கான அளவுத்திருத்தம் எளிது: மட்டம் உணரிக்குச் சற்று மேலே இருக்கையிலும், இறங்கிச் சுவர் இன்னும் ஈரமாக இருக்கையிலும் சோதித்து, இரண்டையும் பிரித்தறியும் இடத்தில் உணர்திறன் திருகை நிறுத்த வேண்டும். உலர்ந்த சுவரில் சரிசெய்யப்பட்ட உணரி, உள்ளே உப்பும் பாசியும் படிந்த ஈரச்சுவரை நீரென்றே எடுத்துக்கொள்ளும்.

ரேடார் உணரிகள் ஒலிக்குப் பதில் நுண்ணலையைப் பயன்படுத்துகின்றன. ஒளியின் வேகத்தில் செல்லும் அவ்வலைக்குக் காற்றின் வெப்பநிலை ஒரு பொருட்டன்று. ஆனால் ஒரு மீட்டர் போய்த்திரும்ப ஒரு நொடியின் நூறுகோடியில் ஏழு பங்குகூட ஆவதில்லை என்பதால் நேரத்தை நேரே அளப்பது கடினம். அதனால் அலையின் அதிர்வெண்ணைச் சீராக உயர்த்திக்கொண்டே அனுப்பி, திரும்பிவரும் அலைக்கும் அக்கணத்தில் புறப்படும் அலைக்கும் உள்ள அதிர்வெண் வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணிக்கின்றனர். 80 கிகாஹெர்ட்ஸ் வகையில் அலைநீளம் 3.75 மி.மீ. மட்டுமே, கற்றை குறுகியது, பிளாஸ்டிக் மூடியின் வழியே வெளியிலிருந்தும் அளக்கவல்லது. நொதிப்புத் தொட்டிகளில் இதன் அருமை தெரியும்: அங்கே நிரம்பும் கார்பன் டைஆக்சைடில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 267 மீட்டரே செல்லும் என்பதால், மீயொலி உணரி தூரத்தைக் கால்பங்குக்கு மேல் கூட்டிச் சொல்லிவிடும். ரேடாருக்கு வேறு பலவீனம். நீர் நுண்ணலையில் கணிசமான பங்கைத் திருப்பும். ஒப்புமை விடுதிறன் 2 அளவே உள்ள டீசல் ஏறத்தாழ 3 சதவீதத்தையே திருப்பும். எஞ்சியது டீசலுக்குள் புகுந்து, உலோக அடியில் பட்டு வலுவான எதிரொலியாகத் திரும்புகிறது. டீசலுக்குள் அலை மெதுவாகச் செல்வதால் அந்த அடி உண்மையைவிட ஆழத்தில் இருப்பதாகவும் தோன்றும். நீரை வைத்து அளவுத்திருத்தம் செய்த ரேடாரை அப்படியே எண்ணெய்த் தொட்டிக்கு மாற்றக் கூடாது. பெட்ரோலிய ஆவி நிற்கும் எந்தத் தொட்டியிலும், அத்தகைய இடங்களுக்கெனச் சான்று பெற்ற கருவியைத் தவிர வேறெதையும், குறிப்பாக மாணவர் சோதனைக்கான சிறு பலகைகளை, வைக்கவே கூடாது. இந்தியாவில் இதை மேற்பார்க்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் வெறும் சடங்கன்று.

எவ்வளவு கவனமாக அளவுத்திருத்தம் செய்தாலும் ஒரே உணரியிடம் மோட்டாரின் முழுப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் உள்ள பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு சான்றாக நிற்கிறது. 2005 டிசம்பர் 10 மாலையில் 912 என்னும் எண்ணுள்ள தொட்டியில் பெட்ரோல் நிரப்பத் தொடங்கினர். மறுநாள் அதிகாலை 3.05 மணிக்கு மட்டமானி ஒரே அளவில் உறைந்துவிட்டது. பெட்ரோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அங்கிருந்தது திரவத்தைத் தொடும் வகை மட்டமானி. அது முந்தைய மாதங்களிலும் பலமுறை இப்படி நின்றிருந்தது. மட்டம் எல்லை மீறினால் வரத்தைத் தானே நிறுத்த வேண்டிய தனி மேல்மட்டச் சுவிட்சும், அதன் சோதனை நெம்புகோலை உரிய நிலையில் பூட்டிவைக்க வேண்டிய பூட்டு இல்லாததால் செயலற்றுக் கிடந்தது. இரண்டரை லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோல் வழிந்து ஆவியாகப் பரவி, 6.01 மணிக்கு வெடித்ததில் 43 பேர் காயமுற்றனர். ஞாயிற்றுக்கிழமை விடியலாக இருந்ததாலேயே உயிரிழப்பு நேரவில்லை. மாறாமல் நிற்கும் அளவு நல்ல அளவன்று என்பதைக் கருவிக்குக் கற்றுத்தர வேண்டும்: மோட்டார் ஓடும்போது குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டம் ஏறவில்லையென்றால் மோட்டார் நிற்க வேண்டும். தொழிற்சாலை உணரிகள் காலித் தொட்டிக்கு 4 மில்லிஆம்பியரும் நிறைந்த தொட்டிக்கு 20 மில்லிஆம்பியரும் அனுப்புவதும் இதே எச்சரிக்கையால்தான். சுழியம் என்பது காலித் தொட்டியாகாமல் அறுந்த கம்பியாகவே பொருள்படும்.

மொட்டைமாடித் தொட்டிக்கு இதன் எளிய வடிவம், வழிந்தோடு குழாய்க்குச் சற்றுக் கீழே தனியாக ஒரு மிதவைச் சுவிட்சு; அது உணரியின் பலகைக்கோ அதன் நிரலுக்கோ கட்டுப்படாமல் மோட்டாரின் காண்டாக்டருக்குச் செல்லும் கட்டுப்பாட்டுக் கம்பியையே நேராகத் துண்டிக்க வேண்டும். மாதம் ஒருமுறை மோட்டார் ஓடும்போதே அந்த மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்து, மோட்டார் நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். தொட்டியைக் கழுவும் நாளில் மூடி கழற்றப்பட்டு வேறு திசையில் திரும்பி மாட்டப்படுவது வழக்கமாதலால், மூடிக்கும் தொட்டிக்கும் பொதுவாக அழியாத மையில் ஒரு கோடு இழுத்துவைத்து, மறுபடி மூடும்போது இரண்டு கோடுகளையும் ஒன்றாகச் சேர்த்து, குச்சியால் மூன்று மட்டங்களிலாவது அளவை ஒப்பிட வேண்டும். காலித் தூரம், உச்ச மட்டத்தின் தூரம், ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர், திருத்தம் செய்த தேதி, அப்போதைய காற்றின் வெப்பநிலை ஆகியவற்றை மூடியின் உட்புறத்திலேயே எழுதிவைத்தால், அடுத்து வரும் பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ எதையும் ஊகிக்க வேண்டியிராது.